ஸ்மார்ட் மீற்றர்: யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

மீற்றரைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் வீட்டுக்காரர் பார்த்து வைக்க வேண்டியவையும், பின்பு படித்துக்கொள்ள வேண்டியவையும்தான் அதிகம். பிந்தி வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை மீற்றரால் வருவதில்லை. பழைய வயரிங், பிழையான எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் இணைப்பு), எழுதி வைக்காத கடைசி வாசிப்பு இவற்றால்தான் வருகின்றன. ஆகவே அந்தப் பக்கத்தை இங்கே விரிவாகச் சொல்கிறோம். 'சபை' என்று எழுதும் இடமெல்லாம் உங்களுக்கு மின்பட்டியல் தரும் நிறுவனத்தைக் குறிக்கும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்திருந்தாலும், ஊரில் எல்லோரும் இன்னமும் சபை என்றுதான் சொல்கிறோம்.

எங்கள் வீட்டு மீற்றரில் இலக்கங்கள் திரையில் ஓடுகின்றன. அது ஸ்மார்ட் மீற்றர்தானே?

பெரும்பாலும் இல்லை. வீடுகளில் மூன்று வகை மீற்றர்கள் உண்டு. அலுமினியத் தட்டுச் சுற்றும் கறுப்பு மீற்றர் பழையது. அடுத்தது இலத்திரனியல் மீற்றர். இதில் திரை இருக்கும், சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரியும், ஆனால் வாசிப்பை எடுக்க ஆள் வரத்தான் வேண்டும். மூன்றாவதுதான் ஸ்மார்ட் மீற்றர். உங்கள் பாவனையை 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு தடவை பதிந்து, தானாகவே சபைக்கு அனுப்புவது இது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, திரையின் ஓரத்தில் கைபேசியில் இருப்பதுபோன்ற சிக்னல் கோடுகள் வருகின்றனவா என்று பாருங்கள். மீற்றரின் அடிமூடிக்குள் அல்லது பக்கத்தில் சிம் பூட்டிய சிறு மோடம், குட்டை அன்ரெனா இருந்தாலும் அது ஸ்மார்ட் வகை. வாசிப்பவர் இன்னமும் மாதாமாதம் படலையைத் தட்டுகிறார் என்றால், உங்களிடம் இருப்பது வெறும் இலத்திரனியல் மீற்றர்தான்.

கடையில் வாங்கி நானே பூட்டலாமா?

முடியாது. மின்கம்பத்திலிருந்து வரும் கேபிள், அதற்கான பியூஸ், மீற்றர் ஆகியவை சபையின் சொத்து. மீற்றரிலிருந்து வெளியே வரும் வயர் தொடங்கி மெயின் சுவிச், ட்ரிப் சுவிச், வீட்டு வயரிங், எர்த் எல்லாம் உங்களுடைய பொறுப்பு. ஈயச் சீல் இருக்கும் எந்த மூடியையும் திறப்பது சட்டப்படி குற்றம். வயர்மன் 'சின்ன வேலைதானே' என்று சீலை அறுத்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் கணக்கின் உரிமையாளர்தான்.

எந்தப் பகுதிக்கு எந்த மீற்றர் எப்போது வரும் என்பதை முடிவெடுப்பதும் சபையே. பழுதடைந்த மீற்றரை மாற்றும்போது, ஒருகட்ட இணைப்பிலிருந்து மூன்றுகட்டத்துக்குப் போகும்போது, சோலார் பூட்டும்போது என மூன்று சந்தர்ப்பங்களில் மீற்றர் மாறுவது வழக்கம். இவற்றில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போதே, தொலைவாசிப்பு மீற்றர் தரமுடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மின்பட்டியலில் உள்ள 10 இலக்கக் கணக்கு எண்ணோடு 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

அதுவரைக்கும் சும்மா காத்திருப்பதா?

வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு கண்காணிப்புக் கருவியை மெயின் சுவிச்சுக்குப் பிறகு பூட்டலாம். அது உங்கள் எல்லைக்குள் இருப்பதால் அனுமதி தேவையில்லை, ஆனால் உரிமம் உள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டே செய்யுங்கள். சுவிச் பெட்டித் தண்டவாளத்தில் பூட்டும் வைஃபை மீற்றர்கள் இருக்கின்றன. வயரைச் சுற்றிக் கவ்வும் வளையம் கொண்டவையும் இருக்கின்றன.

வளைய வகையில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. லைவ் (மின்சாரம் கொண்டுவரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்) இரண்டையும் ஒரே வளையத்துக்குள் விட்டால் ஒன்றையொன்று அழித்து வாசிப்புப் பூச்சியமாகிவிடும், லைவ் மட்டும் போகவேண்டும். வளையத்தில் பொறித்த அம்புக்குறி வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெறுமானம் மறைப் பெறுமானமாக வரும். இன்னொன்று: வோல்ற்றளவுக்கு வயர் கொடுக்காமல் வளையத்தை மட்டும் நம்பும் மலிவுக் கருவிகள் கிணற்று மோட்டரில் கூட்டிக் காட்டும். மோட்டர் 5 அம்பியர் இழுக்கிறதென்றால் அவை 230ஆல் பெருக்கி 1150 வாற் என்று சொல்லும். மோட்டரின் வலுக்காரணி, அதாவது அந்தப் பெருக்கத்தில் உண்மையாகச் செலவாகும் பங்கு, 0.7 அளவில் இருந்தால் உண்மையில் செலவாவது ஏறத்தாழ 800 வாற்தான். வோல்ற்றளவையும் அளக்கும் கருவியையே வாங்குங்கள். இரும்புப் பெட்டிக்குள் பூட்டினால் வைஃபை வெளியே வராது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சபை மாற்ற வருவதற்கு முன் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

முதலில் கணக்கின் பெயர். சீதனமாக வீடு கைமாறி, காணி இரண்டாகப் பிரிந்து, கணக்கு மட்டும் இறந்துபோன பாட்டனாரின் பெயரிலேயே ஓடும் வீடுகள் இங்கே ஏராளம். பில் கட்டும்வரை அது யாரையும் உறுத்தாது. சபையின் கைபேசிச் செயலியில் பதியும்போது, கட்டண முறையை மாற்றும்போது, சோலாருக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேயே நின்றுவிடும். உறுதியின் பிரதி, அடையாள அட்டை, கடைசி மின்பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், மீற்றர் மாறுவதற்கு முன்பே பெயர்மாற்றத்தை முடியுங்கள்.

இரண்டாவது, பகிரப்பட்ட நியூட்ரல். இதுதான் எங்கள் பகுதிப் பழைய வீடுகளில் மிகப் பெரிய தலைவலி. ஒரே வீட்டை அக்காவுக்கும் தங்கைக்கும் பிரித்து இரண்டாவது மீற்றர் எடுத்திருப்பார்கள், லைவ் வயரை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழையபடி ஒன்றாக விட்டிருப்பார்கள். தட்டு மீற்றர் லைவில் போவதைத்தான் கணக்கிட்டது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. ஸ்மார்ட் மீற்றர்கள் பல லைவையும் நியூட்ரலையும் தனித்தனியே அளக்கின்றன. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் ஒத்துவராவிட்டால் அதைக் களவுக்கான அறிகுறியாகப் பதிந்து சபைக்கு அனுப்பிவிடும். நேர்மையான வீட்டுக்காரர் விசாரணைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: முதல் வீட்டின் இருமுனை மெயின் சுவிச்சை (லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது) அணையுங்கள். மற்ற வீட்டில் ஒரு விளக்காவது அணைந்தால் அல்லது மங்கினால் நியூட்ரல் கலந்திருக்கிறது. பிறகு மறுபக்கமும் அப்படியே செய்து பாருங்கள். கலந்திருந்தால் பிரிக்கும் வேலையை மின்னிணைப்பாளரிடம் விடுங்கள், ஏனெனில் 'அணைத்துவிட்டோம்' என்று நினைக்கும் வயரில் அடுத்த வீட்டு மின்னோட்டம் இருக்கும். கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ மதிலுக்கு மேலால் இழுத்துக் கழற்றாமல் விட்ட வயர்களையும் அப்போதே கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, ட்ரிப் சுவிச்சும் எர்த்தும். இலங்கையில் வீட்டுக்கான எர்த்தை வீட்டுக்காரரே நிலத்தில் அமைக்க வேண்டும், சபை கொடுப்பதில்லை. ஆகவே 30 மில்லி அம்பியர் மின்கசிவில் விழும் ட்ரிப் சுவிச்தான் உயிரைக் காக்கும் பொருள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழாவிட்டால் அன்றே மாற்றவேண்டும்.

வலிகாமத்தில் செம்மண் படை பல இடங்களில் சில அடிதான், கீழே சுண்ணாம்புக்கல். நாலு அடி எர்த் கம்பி பாதியில் கல்லில் முட்டி நின்றதும், மிஞ்சியதை வெட்டிவிட்டுப் போன வேலைகளைப் பல வளவுகளில் காணலாம். மாரியில் அது வேலை செய்யும். ஆவணியில் மண் காய்ந்ததும் தடை ஏறிவிடும். கணக்குப்படி 30 மில்லி அம்பியரில் 50 வோல்ற்றைத் தாண்டாமல் இருக்க 1667 ஓம் வரை போதும். ஆனால் 200 ஓமுக்கு மேல் போன எர்த்தைக் கோடையில் நம்ப முடியாது. சித்திரை முதல் ஆவணிக்குள் ஒரு காய்ந்த நாளில் அளப்பிக்க வேண்டும், மழைக்குப் பின் அளந்த பெறுமானம் ஏமாற்றும். கல் முட்டினால் கம்பியை வெட்டாமல், குளியல் தண்ணீர் பாயும் ஈரமான பக்கத்தில் வேறிடம் பாருங்கள், அல்லது செப்புப் பட்டையை நீளக் கிடங்கு வெட்டிக் கிடையாகத் தாழுங்கள். உப்புக் கொட்டும் பழைய வழக்கம் வேண்டாம். அது செம்பையும் தின்னும், நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். பென்ரனைற் களிமண் நல்லது.

கடைசியாக மீற்றர் இருக்கும் இடம். நாய் கட்டியிருக்கும் பின் விறாந்தை, அடைத்துவிட்ட களஞ்சிய அறை போன்ற இடங்களில் இருந்தால், வெளியிலிருந்து எட்டக்கூடிய சுவருக்கு மாற்றும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மேற்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் படுமானால் திரை சில வருடங்களில் கறுத்துவிடும், ஒரு சிறு தாழ்வாரம் போடுங்கள். குருநகர், பருத்தித்துறை, வேலணை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று முனைத் திருகுகளை அரிக்கும். இங்கே இரும்புப் பெட்டியைத் தவிர்த்து இறப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி எடுங்கள். வயர் நுழையும் துவாரங்களை அடையுங்கள், எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் செய்யும் சேதம் சொல்லி மாளாது.

மாற்றும் நாளில் என்ன நடக்கும்? நான் என்ன செய்ய வேண்டும்?

வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். அவர் பழைய மீற்றரைத் தொடுவதற்கு முன், அதன் இறுதி வாசிப்பையும் தொடர் இலக்கத்தையும் ஒரே படத்தில் தெளிவாக எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மீற்றர் பூட்டியதும் அதன் தொடர் இலக்கத்தையும் ஆரம்ப வாசிப்பையும் அப்படியே எடுங்கள். ஆரம்ப வாசிப்பு எப்போதும் பூச்சியமாக இருக்கும் என்றில்லை, தொழிற்சாலைச் சோதனையில் சில யூனிற்கள் ஓடியிருக்கும். இந்த இரண்டு படங்களும் இல்லாமல் பிறகு எழுப்பும் எந்தக் கட்டணத் தகராறும் வெறும் வாய்ப்பேச்சாகவே முடியும்.

மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் கணினி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டர் எல்லாவற்றையும் அணைத்து, மெயின் சுவிச்சையும் இறக்குங்கள். திரும்ப வந்ததும் முதலில் ஒரு விளக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். அது வழக்கத்துக்கு மாறாகப் பளீரென எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, நிற்கும் ஊழியரிடமே சொல்லுங்கள், நியூட்ரல் இறுகாமல் இருக்கக்கூடும். மூன்றுகட்ட வீட்டில் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கட்டங்களின் வரிசை மாறிப் பூட்டியிருந்தால் மோட்டர் ஓடும், தண்ணீர் வராது அல்லது குறைவாக வரும். அவர் போன பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும்.

திரையில் இலக்கங்கள் மாறி மாறி வருகின்றன. எதைப் பார்ப்பது?

ஒவ்வொரு பெறுமானத்துக்கும் பக்கத்தில் ஒரு குறியெண் வரும். இந்தக் குறியெண்கள் சர்வதேச முறை, எனவே மீற்றரைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

1.8.0 — நீங்கள் பாவித்த மொத்த யூனிற். பில்லுக்கான இலக்கம் இதுதான்.
1.8.1, 1.8.2, 1.8.3 — நேரவாரியாகப் பிரித்த யூனிற்கள்.
2.8.0 — நீங்கள் வெளியே அனுப்பியது, சோலார் வீடுகளுக்கு.
1.7.0 — இந்தக் கணத்தில் ஓடும் கிலோவாற்.
32.7.0 — முதற்கட்ட வோல்ற்றளவு. மூன்றுகட்ட வீட்டில் 52.7.0, 72.7.0 என்பன மற்றவை.
0.9.1 — மீற்றரின் கடிகாரம். 0.9.2 — திகதி.

திரை வேகமாக ஓடினால் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 32.7.0ஐ இரவு ஏழு மணிக்கு ஒருதரம், நடுப்பகலில் ஒருதரம் குறித்து வையுங்கள். 230 வோல்ற்றில் கூடினாலும் குறைந்தாலும் 6 சதவீதம், அதாவது 216 முதல் 244 வோல்ற் வரை இருக்கவேண்டும். கம்பத்து வரிசையின் கடைசி வீடுகளில் மாலையில் இது இறங்குவதுண்டு. முன்பெல்லாம் 'லைற் மங்குது' என்றுதான் முறையிட முடிந்தது. இப்போது நேரத்தோடும் இலக்கத்தோடும் முறையிடலாம்.

மாற்றிய பிறகு பில் கூடிவிட்டது. மீற்றர் வேகமாக ஓடுகிறதா?

அதிகம் வரும் கேள்வி இது. அவசரப்பட்டு முடிவெடுக்காமல் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

பழைய தட்டு மீற்றர் வயதாக ஆக மெதுவாகும். தூசு, தேய்ந்த தாங்கி, ஒட்டிய பூச்சி எல்லாம் அதை இழுத்துப்பிடிக்கும். சிறிய சுமைகளில் தட்டு அசையவே அசையாது. புதியது அவற்றையும் கணக்கெடுக்கும். 24 மணித்தியாலமும் ஓடும் ஒரு 10 வாற் கருவி, வைஃபை றூட்டர் போல, 30 நாளில் 7.2 யூனிற் பிடிக்கும். அப்படி நான்கைந்து இருந்தால் அதுவே வித்தியாசம். இத்தனை காலம் குறைவாகப் பதிந்ததுதான் இப்போது சரியாகப் பதிகிறது.

அடுத்து நாட்கணக்கு. முதல் பில்லில் பழைய மீற்றரின் யூனிற்களும் புதியதின் யூனிற்களும் சேரும். இரண்டையும் படங்களோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பாருங்கள். எத்தனை நாளுக்கான பில் என்பதையும் கவனியுங்கள். யூனிற் கூடக் கூட விலையும் ஏறும் படிக்கட்டுக் கட்டணத்தின் எல்லைகள் 30 நாளுக்கு வகுக்கப்பட்டவை, நாள் கூடினால் எல்லையும் அதே விகிதத்தில் கூடும். 33 நாள் பில்லுக்கு 60 யூனிற் எல்லை 66 ஆகவேண்டும்.

அதன் பிறகும் சந்தேகம் என்றால் துடிப்புச் சோதனை. மீற்றரின் முகத்தில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை துடிப்பு (சிவப்பு விளக்கு மின்னுவது) என்று அச்சிட்டிருக்கும், 1000, 1600, 3200 என்பன வழக்கமானவை.

முதலில் மெயின் சுவிச்சை இறக்குங்கள். பதினைந்து நிமிடம் சிவப்பு விளக்கைப் பாருங்கள். முதலில் ஒரேயொரு துடிப்பு வரலாம், அது பரவாயில்லை. தொடர்ந்து துடித்தால் மெயின் சுவிச்சுக்கு முன்னாலேயே யாரோ இழுக்கிறார்கள் அல்லது மீற்றர் பழுது. இரண்டுக்கும் சபையை அழைக்க வேண்டும்.

துடிப்பு நின்றால் மெயின் சுவிச்சை ஏற்றி, கேத்தல் செருகும் கிளையைத் தவிர மற்ற எல்லாக் கிளைச் சுவிச்சுகளையும் அணைத்துவிட்டு, கரண்ட் கேத்தலை மட்டும் போடுங்கள். 2000 வாற் கேத்தலுக்கு 1600 துடிப்பு மீற்றரில் ஒரு நிமிடத்துக்கு 53 துடிப்பு வரவேண்டும். 1000 என்றால் 33, 3200 என்றால் 107. பழைய தட்டு மீற்றரில் 600 சுற்று என்றிருந்தால் நிமிடத்துக்கு 20 சுற்று. உங்கள் வோல்ற்றளவு 215 ஆக இருந்தால் அதே கேத்தல் ஏறத்தாழ 1750 வாற்தான் இழுக்கும், 1600 மீற்றரில் துடிப்பு 47க்கு இறங்கும். இதை மறந்துவிட்டு மீற்றரைப் பழுதென்று முடிவெடுத்துவிடக்கூடாது. கேத்தலின் உண்மையான வலுவும் அடியில் அச்சிட்டதிலிருந்து சிறிது விலகும், ஆகவே நூற்றுக்கு பத்து வித்தியாசம் சாதாரணம். அதற்கு மேற்பட்டால் முறைப்பாடு செய்ய நியாயம் உண்டு.

இன்னொரு பயம் பரவலாக இருக்கிறது: புதிய மீற்றர் மோட்டரின் 'வீண் மின்சாரத்தையும்' கணக்கெடுத்து வசூலிக்கிறது என்று. அளக்கும், ஆனால் வீட்டுப் பாவனையாளருக்குக் கட்டணம் கிலோவாற் மணித்தியாலத்துக்கு, அதாவது யூனிற்றுக்கு, மட்டுமே. உச்சக் கேள்விக் கட்டணம் (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகூடிய வலுவுக்கான கட்டணம்) 42 கிலோவோல்ற் அம்பியருக்கு மேற்பட்ட பெரிய வணிக, தொழிற்சாலை இணைப்புகளுக்கானது.

அப்படியென்றால் ஸ்மார்ட் மீற்றரால் எனக்கு என்ன மிச்சம்?

மீற்றர் தானாக ஒரு சதமும் மிச்சம் பிடித்துத் தராது. எங்கே போகிறது என்பதைக் காட்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவே போதும், பார்க்கத் தெரிந்தவருக்கு.

அதிகாலை ஒன்று முதல் நான்கு மணி வரை உள்ள பதிவைப் பாருங்கள். எல்லோரும் படுத்திருக்கும் நேரம், அப்போது ஓடுவதுதான் வீட்டின் அடிச்சுமை. 15 நிமிடத்துக்கு 0.06 யூனிற் என்றால் நான்கால் பெருக்குங்கள், 0.24 கிலோவாற். மூன்று மின்விசிறி 180 வாற், குளிர்சாதனப் பெட்டி சராசரியாக 50, றூட்டர் 10. கணக்குச் சரி. 0.15 என்று வந்தால் 600 வாற், அங்கே ஏதோ பிழை.

நடு இரவில் பதிவின் வரைபில் சீரான இடைவெளியில் ஒரு முள் எழுந்து எழுந்து விழுகிறதா? தானியங்கி மோட்டர். ஒரு குழாய் ஒழுகினாலோ கழிவறைத் தொட்டியின் மிதவை அடைக்காவிட்டாலோ அழுத்தம் இறங்கி மோட்டர் திரும்பத் திரும்ப ஓடும். பகலில் மோட்டர் வழக்கமாக 20 நிமிடத்தில் தாங்கியை நிரப்புவது, இப்போது 40 நிமிடம் எடுக்கிறதா? கிணற்றுக்குள் அடிவால்வு ஒழுகுகிறது, அல்லது ஆவணி புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கி மோட்டர் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஏறக்குறைய 1 கிலோவாற் இழுக்கும். நாளுக்கு 20 நிமிடம் வீணாக ஓடினால் மாதம் 10 யூனிற்.

இந்த 10 யூனிற் ஏன் முக்கியம் என்றால், படிக்கட்டுக் கட்டணத்தில் 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் 60 யூனிற்றும் வேறு, கூடிய விகிதத்துக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். 58இல் முடியும் வீடும் 64இல் முடியும் வீடும் கட்டும் தொகைகளின் வித்தியாசம், பாவனை வித்தியாசத்தை விடப் பெரிது. பில் மாதத்தின் 20ஆம் நாளில் 1.8.0ஐப் பார்த்து, கடந்த பில்லின் வாசிப்பைக் கழித்து, 40க்குள் நிற்கிறோமா என்று கவனிப்பது, 60 யூனிற்றை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு உண்மையான பணம். அதற்கு மேலே 90, 120, 180 என்று படிகள் தொடரும்.

இரவில் மோட்டர் போட்டால் மலிவு என்கிறார்களே?

படிக்கட்டுக் கட்டணத்தில் இருப்பவருக்கு எந்த நேரமும் ஒன்றுதான், அதனால் அந்த நம்பிக்கையில் தூக்கம் கெடுக்க வேண்டாம். நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவுசெய்தவருக்குத்தான் அது பொருந்தும். மூன்றுகட்ட இணைப்புள்ள வீடுகளுக்காகத் தொடங்கப்பட்ட விருப்பத் தெரிவு அது. பகல் நேரம் அதிகாலை 5.30 முதல் மாலை 6.30 வரை, உச்சம் 6.30 முதல் இரவு 10.30 வரை, மலிவு நேரம் 10.30 முதல் அதிகாலை 5.30 வரை.

மாறுவதற்கு முன் குறைந்தது ஒரு முழு மாதத்தின் பதிவை இந்த மூன்று துண்டுகளாகப் பிரித்து, நடைமுறையில் உள்ள கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். கட்டணங்களை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அவ்வப்போது மாற்றுவதால், போன வருடத்துக் கணக்கு இந்த வருடத்துக்குச் செல்லாது. எங்கள் வீடுகளில் சமையல், தொலைக்காட்சி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உச்ச நேரத்துக்குள் விழுவதால், குறைந்த பாவனையுள்ள குடும்பத்துக்கு நேரவாரி முறை பெரும்பாலும் நட்டம். இரவில் மின்வாகனம் ஏற்றுபவர், அதிகாலையில் தோட்டத்துக்கு இறைப்பவர், இரவு முழுக்க குளிரூட்டி போடுபவர் இவர்களுக்கு இலாபம் வரலாம்.

இந்த முறைக்கு மாறினால் 0.9.1ஐக் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். மீற்றரின் கடிகாரம் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் உச்ச நேரத்தின் கடைசி அரை மணித்தியாலம் உங்கள் மலிவு நேரத்தைத் தின்றுவிடும். எந்தப் பதிவேடு எந்த நேரத்துக்கு என்பதையும் நீங்களே உறுதிசெய்யலாம்: இரவு 11 மணிக்கு 1.8.1, 1.8.2, 1.8.3 மூன்றில் எது ஏறுகிறதோ அதுதான் மலிவு.

சோலார் வீட்டில் எப்படி வாசிப்பது?

மீற்றர் வீட்டின் மொத்தப் பாவனையைக் காட்டாது, எல்லையைத் தாண்டிப் போய் வருவதை மட்டுமே காட்டும். உண்மைப் பாவனையை இப்படிக் கணக்கிடுங்கள்: உள்ளே வந்தது, கூட்டல் சோலார் உற்பத்தி செய்தது, கழித்தல் வெளியே போனது. ஒரு மாதத்தில் ஏறியது 1.8.0இல் 140, இன்வேர்ட்டரில் 480, 2.8.0இல் 400 என்றால் வீடு செலவிட்டது 220 யூனிற்.

நல்ல வெயிலில், வீட்டுப் பாவனை குறைவாக இருக்கும்போதும் 2.8.0 அசையவே இல்லை என்றால் அல்லது 1.8.0 ஏறினால், இணைப்பு தலைகீழாக இருக்கிறது அல்லது மீற்றர் இருவழிக்கு அமைக்கப்படவில்லை. பூட்டிய முதல் வெயில் நாளிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். நடுப்பகலில் இன்வேர்ட்டர் அடிக்கடி விழுந்து எழும்பினால் பகல் 12 மணிக்கு வோல்ற்றளவைக் குறியுங்கள். ஒரே வரிசையில் பல வீடுகள் சோலார் அனுப்பும்போது வோல்ற்றளவு ஏறி இன்வேர்ட்டர் தன்னைக் காக்க நின்றுவிடும். பலகையிலோ இன்வேர்ட்டரிலோ பழுது தேடிக் காசு செலவழிக்க முன் இந்த இலக்கத்தைச் சபைக்குக் கொடுங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தும்படி நாடு முழுவதும் கேட்கப்பட்டது. அப்படியான நாட்களில் உங்கள் உற்பத்திப் பதிவு குறைந்திருப்பது பழுது அல்ல.

ஜெனரேற்றர், பற்றறி இன்வேர்ட்டர் வைத்திருக்கிறோம். சிக்கல் உண்டா?

லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் மாற்றுச் சுவிச் இருந்தால் இல்லை. பிளக்கில் செருகி வீட்டுக்குள் ஜெனரேற்றர் மின்சாரத்தை விடும் பழக்கம் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறோம். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மன் மின்சாரம் இல்லை என்று நம்பி வயரைப் பிடிப்பார். உங்கள் ரான்ஸ்போமர் அந்த 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏற்றி அவரிடம் கொண்டுபோகும். ஸ்மார்ட் மீற்றர் எதிர்த்திசை ஓட்டத்தை நேரத்தோடு பதியும், ஆனால் பதிவால் உயிர் திரும்பி வராது.

மீற்றர் எங்கள் வைஃபையைப் பாவிக்குமா? கதிர்வீச்சு?

உங்கள் இணையத்தைத் தொடாது, அதற்கென்று சிம் இருக்கிறது. அனுப்புவது நாளில் சில சிறு துண்டுகளாக, கைபேசி அனுப்பும் அதே அலை. காதோடு ஒட்டிப் பேசும் கைபேசியைவிடச் சுவரில் இருக்கும் மீற்றரிலிருந்து உடலுக்கு வருவது மிகக் குறைவு.

சிக்னல் பலவீனமான இடங்களில் தரவு பிந்தி வரும். மீற்றர் பதிவைத் தனக்குள் சேமித்து வைத்திருந்து தொடர்பு கிடைத்ததும் அனுப்பும், யூனிற் தொலைவதில்லை. ஒரு நாள் விடுபட்டு அடுத்த நாள் இரட்டிப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

நாங்கள் கனடாவில், வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது.

தொலைவாசிப்பு உங்களுக்குத்தான் மிகவும் உதவும். கதவு பூட்டியிருந்தால் மதிப்பீட்டு பில் வரும் பழைய சிக்கல் ஒழியும். ஆட்கள் இல்லாத வீட்டில் யூனிற் ஏறினால் யாரோ இழுக்கிறார்கள், அல்லது ஈரச் சுவருக்குள் கசிவு. வீட்டைப் பார்ப்பவரை மெயின் சுவிச்சை இறக்கச் சொல்லி, அடுத்த நாள் பதிவு பூச்சியமாகிறதா என்று பாருங்கள். பாவனை இல்லாவிட்டாலும் நிலையான கட்டணம் மாதாமாதம் ஏறும், நிலுவை சேர்ந்தால் இணைப்பு வெட்டப்படும். பெரும்பாலான ஸ்மார்ட் மீற்றர்களுக்குள் சுவிச் இருப்பதால் வெட்டுவதற்கு ஆள் வரவேண்டியதில்லை. கட்டிய பின் தானாக வராவிட்டால், சில மாதிரிகளில் மீற்றரின் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டைப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

எவற்றைக் கண்டால் உடனே 1987ஐ அழைக்க வேண்டும்?

மீற்றர் அடிமூடி மண்ணிறமாகிவிட்டால், கருகிய மணம் வந்தால், பெட்டிக்குள் 'சிர்ர்' என்ற சத்தம் கேட்டால். முனைத் திருகு இளகிச் சூடேறுகிறது என்று பொருள். மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு அழையுங்கள், திருகை நீங்கள் தொடாதீர்கள்.

ஒரு அறை விளக்குப் பளீரென்றும் மற்ற அறை மங்கியும் எரிந்தால் மூன்றுகட்ட வீட்டில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஒரு கட்டம் 300 வோல்ற்றையும் தாண்டலாம், குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சில நிமிடங்களில் போய்விடும். யோசிக்காமல் மெயின் சுவிச்சை இறக்குங்கள்.

சோளகக் காற்றில் பனையோலை உராய்ந்து கம்பத்துக் கேபிளின் உறை தேய்ந்திருந்தாலும் சொல்லுங்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வரும் இடிமின்னலுக்கு, மெயின் சுவிச்சுக்குப் பிறகு ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் பூட்டுவது நல்லது. ஆனால் நல்ல எர்த் இல்லாமல் அதனால் பயனில்லை.

முறைப்பாடு செய்தும் தீரவில்லை என்றால்?

எழுத்தில் கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். மீற்றர் சோதனையைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. பக்கத்தில் தொடராக ஒரு சோதனை மீற்றரைப் பூட்டி இரண்டையும் சில நாள் ஒப்பிடுவது மிகத் தெளிவான முறை, அதையே வலியுறுத்துங்கள். சபையின் பதில் திருப்தியில்லை என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். கணக்கு எண், மாற்றிய நாளின் இரண்டு படங்கள், துடிப்புச் சோதனையின் இலக்கங்கள், சபைக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள்.